பொருளியல் கட்டுரை எழுத ஏஐ: முதலில் குறை சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் எழுதச் சொல்லுங்கள்

முனைவர் பட்டத்துக்காகவோ, எம்.ஏ. ஆய்வேட்டைச் சுருக்கி ஜர்னலுக்கு அனுப்புவதற்காகவோ, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொருளியல் கட்டுரை ஒன்றை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது. சாட்ஜிபிடியோ க்ளாடோ ஜெமினியோ, கையில் எது இருந்தாலும் பரவாயில்லை. எந்தக் கருவி என்பதைவிட அதை எந்த வரிசையில் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான் முக்கியம், பலரும் அந்த வரிசையைத் தலைகீழாகத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

வழக்கமாக நடப்பது இதுதான்: தலைப்பைத் தட்டிவிட்டு "இதற்கு ஒரு முன்னுரை எழுது" என்று கேட்பது. அரை நிமிடத்தில் வழுவழுவென்று ஆங்கிலம் வந்து விழும், படித்தால் நமக்கே பெருமையாக இருக்கும். சிக்கலே அந்த வழுவழுப்பில்தான். பொருளியல் கட்டுரையின் உயிர் ஒரு கேள்வியில் இருக்கிறது: இதனால்தான் அது நடந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பதில் இல்லாத இடத்தை நீங்களே எழுதினால் வாக்கியம் தடுமாறும், கைடு சரியாக அங்கே சிவப்பு மையால் கோடு போடுவார். ஏஐ எழுதினால் அந்த இடமும் மற்ற இடங்களைப் போலவே சரளமாக ஓடிவிடும். ஓட்டை இருப்பது உங்களுக்கும் தெரியாது, கைடுக்கும் தெரியாது, பல மாதம் காத்திருந்த பிறகு ஜர்னலுக்காகக் கட்டுரையை மதிப்பிடுகிற ரெஃபரி சொல்லித்தான் தெரியும். அதனால் அதை எழுதுகிற வேலைக்கு வைப்பதற்கு முன்னால் குறை கண்டுபிடிக்கிற வேலைக்கு வையுங்கள்.

சொல்வதைப் புரியவைக்க ஒரே உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்கிறேன். நூறு நாள் வேலைத் திட்டம் வந்ததால் கிராமத்தில் தனியார் வேலைக்கான கூலி உயர்ந்ததா? சட்டம் 2005இல் வந்தது. 2006 பிப்ரவரியில் நாடு முழுக்க 200 மாவட்டங்களில் தொடங்கி, 2007இல் மேலும் 130 மாவட்டங்களுக்குப் போய், 2008 ஏப்ரல் 1 முதல் மீதி இருந்த கிராமப்புற மாவட்டங்களுக்கெல்லாம் வந்தது. தமிழ்நாட்டில் கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய ஆறும் முதல் கட்டம். கரூர், தஞ்சாவூர், திருவாரூர், திருநெல்வேலி இரண்டாம் கட்டம். இப்படிப் படிப்படியாக வந்ததால், முன்னால் வந்த மாவட்டங்களில் கூலி எவ்வளவு மாறியது, பின்னால் வந்த மாவட்டங்களில் அதே காலத்தில் எவ்வளவு மாறியது என்று இரண்டு மாற்றங்களையும் ஒப்பிடலாம். இதைத்தான் டிஃப்-இன்-டிஃப் என்கிறார்கள். கிளெமென்ட் இம்பெர்ட்டும் ஜான் பாப்பும் இதே ஒப்பீட்டைச் செய்து 2015இல் அமெரிக்கன் எகனாமிக் ஜர்னல்: அப்ளைடு எகனாமிக்ஸில் வெளியிட்டிருக்கிறார்கள். பலர் கை வைத்துத் தேய்ந்த தலைப்புதான், ஆனால் பழகுவதற்குத் தேய்ந்த தலைப்பே நல்லது. ஏஐ சொல்வது சரியா தப்பா என்று அச்சான கட்டுரையைத் திறந்து பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு பக்கம், உங்கள் கையால்

ஏஐ பக்கமே போகாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழிலோ ஆங்கிலம் கலந்தோ எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், இலக்கணம் பார்க்க வேண்டாம். அதில் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: கேள்வி, தரவு, யாரை யாரோடு ஒப்பிடுகிறீர்கள், என்ன வந்தது, எதை நினைத்துப் பயமாக இருக்கிறது. நம் உதாரணத்துக்கு இப்படி வரும் (என்ன வந்தது என்பதைக் கணக்குப் போட்ட பிறகு நிரப்பிக்கொள்ளுங்கள்):

"கேள்வி: திட்டம் வந்த மாவட்டங்களில் தனியார் வேலைக்கான தினக்கூலி கூடியதா? தரவு: என்எஸ்எஸ் (தேசிய மாதிரி ஆய்வு) 61ஆம் சுற்று, 2004 ஜூலை முதல் 2005 ஜூன் வரை; 64ஆம் சுற்று, 2007 ஜூலை முதல் 2008 ஜூன் வரை. ஒப்பீடு: முதல் இரண்டு கட்ட மாவட்டங்களை மூன்றாம் கட்ட மாவட்டங்களோடு. பயம்: முதலில் வந்ததெல்லாம் ஏழை மாவட்டங்கள், திட்டம் இல்லாவிட்டாலும் கூலி வேறு மாதிரி மாறியிருக்கலாம்."

கடைசி வரிதான் முக்கியம். பயம் என்று எழுத எதுவுமே தோன்றவில்லை என்றால் உங்களுக்கு அந்தத் தரவு இன்னும் பழகவில்லை என்று அர்த்தம், இன்னும் ஒரு வாரம் அட்டவணைகளைப் போட்டுப் பாருங்கள். இந்தப் பக்கத்தைத் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள், பின்னால் வேறொரு காரணத்துக்கும் அது தேவைப்படும்.

ரெஃபரியாக உட்காரவையுங்கள்

அந்தப் பக்கத்தை ஒட்டி, அதற்கு மேலே இப்படிக் கேளுங்கள்: "நீ வளர்ச்சிப் பொருளியல் ஜர்னல் ஒன்றின் கடுமையான ரெஃபரி. கீழே உள்ள ஆய்வுத் திட்டத்தைப் பாராட்டாதே. இந்த ஒப்பீடு தப்பான விடை தரக்கூடிய குறிப்பிட்ட வழிகளை மட்டும் சொல். ஒவ்வொன்றுக்கும், முடிவு எந்தப் பக்கம் சாயும், எந்தத் தரவை வைத்து அதைச் சோதிக்கலாம் என்று எழுது. எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற பொதுவான குறைகள் வேண்டாம்."

இதில் "எந்தப் பக்கம் சாயும்" என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் விடுபட்ட மாறிகள் இருக்கலாம், வேறு நாட்டுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று ஏஐ பாட்டுக்குப் பொத்தாம்பொதுவாக அடுக்கிக்கொண்டு போகும். திசை சொல்லச் சொன்னால் உண்மையான குறையும் சும்மா சொன்ன குறையும் தானாகப் பிரிந்துவிடும். இத்தனை குறை வேண்டும் என்று எண்ணிக்கையும் கொடுக்காதீர்கள்; ஐந்து கேட்டால் மூன்றுக்குத்தான் விஷயம் இருந்தாலும் ஐந்தாக்கித்தான் தரும். "இது என் கட்டுரை" என்று சொல்லாமல் இருப்பதும் நல்லது, சொன்னால் கொஞ்சம் ஐஸ் வைக்கத் தொடங்கிவிடும்.

நம் உதாரணத்தில் என்னென்ன குறை வர வேண்டும் என்று பார்ப்போம், ஏனென்றால் ஏஐ-யை எடைபோட இதுதான் வழி. மாவட்டங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? திட்டக் குழு 2003இல் பின்தங்கிய நிலைக்கு ஒரு குறியீடு போட்டிருந்தது, அதில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் பங்கு, ஒரு தொழிலாளிக்கான வேளாண் உற்பத்தி, வேளாண் கூலி ஆகிய மூன்றும் இருந்தன. கூலியைப் பாருங்கள்! எதன்மீது விளைவு இருக்கிறதா என்று தேடுகிறோமோ, அதை வைத்தே மாவட்டம் தேர்வாகியிருக்கிறது. கூலி குறைவாக இருந்த மாவட்டம் தானாகவே கொஞ்சம் மேலே ஏறிவந்தால்கூட நம் கணக்கில் அது திட்டத்தின் சாதனையாகத் தெரியும். இதைச் சோதிக்க 1999-2000இல் நடந்த 55ஆம் சுற்றை எடுத்து, திட்டம் வருவதற்கு முன்பே, அதாவது 1999-2000க்கும் 2004-05க்கும் நடுவில், இரண்டு வகை மாவட்டங்களிலும் கூலி ஒரே மாதிரி நகர்ந்ததா என்று பார்க்க வேண்டும். சுமாரான ஏஐ கூட இந்தச் சோதனையைச் சொல்லிவிடும். குறியீட்டுக்குள்ளேயே கூலி இருப்பதை நீங்கள் சொன்னால்தான் பெரும்பாலும் அது பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று இதைவிடச் சுவாரசியமானது. 64ஆம் சுற்று 2008 ஜூன் வரை நடந்தது, மூன்றாம் கட்ட மாவட்டங்களுக்குத் திட்டம் ஏப்ரல் 1ஆம் தேதியே வந்துவிட்டது. அப்படியென்றால் கடைசி மூன்று மாதம் நம் ஒப்பீட்டு மாவட்டங்களும் திட்டத்துக்குள் வந்துவிட்டன, அதுவும் விவசாய வேலை குறைந்து நூறு நாள் வேலைக்கு ஆள் அதிகம் போகிற கோடைக்காலத்தில். விடை பூஜ்ஜியத்தை நோக்கிச் சுருங்கும். வெறுமனே "2007-08 தரவு" என்று எழுதிக்கொடுத்தால் ஏஐ இதைப் பார்க்க வழியே இல்லை, மாதத்தோடு தேதி கொடுத்தால் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம். மேலே அந்த ஒரு பக்கத்தில் மாதங்களை எழுதியதற்குக் காரணம் இதுதான். பொதுவாகவே தேதி, எல்லை, தகுதி விதி, எந்த ஆணையின்படி எப்போது பணம் வந்தது போன்ற நிர்வாக விவரங்களை எவ்வளவு கொடுக்கிறீர்களோ அவ்வளவுக்குத்தான் அது நல்ல ரெஃபரி. அந்த விவரங்கள் அரசாணையிலும் கள ஆய்விலும் கிடைக்கும், அதனிடம் இருக்காது.

அடுத்த சுற்றுகளையும் சேர்த்தால் இன்னும் ஆள் சேரும் என்று ஆசைப்பட்டு 2009-10, 2011-12 இரண்டையும் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் எல்லா மாவட்டத்துக்கும் திட்டம் வந்துவிட்டது, ஒப்பிட ஆளே கிடையாது. பழைய முறையில் மாவட்டத்துக்கும் ஆண்டுக்கும் டம்மி (ஆம்/இல்லை என்று குறிக்கும் 1/0 மாறி) போட்டு ரெக்ரஷன் ஓட்டினால், ஏற்கெனவே திட்டம் வந்த மாவட்டங்களையே ஒப்பீட்டு மாவட்டமாக எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு எண்ணைத் துப்பும். இதன் உள்விவகாரத்தைக் குட்மன்-பேக்கன் 2021இல் ஜர்னல் ஆஃப் எகனாமெட்ரிக்ஸில் பிரித்துக் காட்டினார், அதே ஆண்டு அதே ஜர்னலில் காலவேயும் சாந்தானாவும் மாற்று முறையைக் கொடுத்தார்கள். ஏஐ-யிடம் "திட்டம் வெவ்வேறு நேரத்தில் வந்திருக்கிறது, இந்த மதிப்பீட்டு முறை யாரை யாரோடு ஒப்பிடுகிறது என்று அட்டவணை போட்டுக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள், பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாகச் சொல்லும். இந்த மாதிரி வேலையில் அதை அடிக்க ஆள் இல்லை.

குறைகள் வந்த பிறகு ஒவ்வொன்றையும் நீங்களே எடைபோடுங்கள். சோதிக்க முடிந்ததைச் சோதியுங்கள், முடியாததைக் கட்டுரையிலேயே ஒப்புக்கொள்ளுங்கள், பொருந்தாததை ஏன் பொருந்தாது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த ஒரு வரிகள்தான் பின்னால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கை கொடுக்கும்.

முந்தைய ஆய்வுகள்

இங்கே விதி ஒன்றுதான்: ஏஐ-யின் ஞாபகத்திலிருந்து எந்த மேற்கோளையும் எடுக்காதீர்கள். இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும் என்று எல்லோருக்கும் இப்போது தெரியும். 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. பொருளியலில் இதைவிட ஆபத்தானது இருக்கிற கட்டுரையைத் தப்பாகச் சொல்வது. முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் மூவரும் ஆந்திராவில் நூறு நாள் வேலைக் கூலியைப் பயோமெட்ரிக் ஸ்மார்ட்கார்டு வழியாகக் கொடுத்த பரிசோதனையை வைத்து 2016இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் ஒரு கட்டுரையும், 2023இல் எகனாமெட்ரிக்காவில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். முதலாவது பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா, நடுவில் எவ்வளவு கசிந்தது என்பது பற்றி; இரண்டாவது திட்டம் ஒழுங்காக நடந்ததால் ஊரில் மொத்தமாகக் கூலியும் வருமானமும் என்ன ஆயின என்பது பற்றி. ஆசிரியர்கள் அதே மூவர், திட்டமும் அதுவே, மாநிலமும் அதுவே. ஒன்றின் முடிவை இன்னொன்றின் ஆண்டோடு ஒட்டிவிடுவது ஏஐ-க்கு மிகச் சுலபம், ஆங்கிலம் சரியாக இருப்பதால் உங்கள் கண்ணும் தாண்டிப் போய்விடும். நம் கூலிக் கட்டுரைக்கு வேண்டியது 2023 கட்டுரை. 2016ஐ அந்த இடத்தில் வைத்தால், துறையில் இருக்கிற ரெஃபரி அந்த வரியிலேயே உங்களைக் கணித்துவிடுவார்.

செய்ய வேண்டியது: கூகுள் ஸ்காலரிலோ பொருளியல் கட்டுரைகளைத் திரட்டும் ரெபெக்கின் ஐடியாஸ் தளத்திலோ தேடி, பிடிஎஃப்பை நீங்களே இறக்கி, ஜொடேரோவில் (மேற்கோள்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள்) போட்டு, பிறகு அந்தக் கோப்பை ஏஐ-யிடம் கொடுத்து, "இதில் அடையாள உத்தி (இதனால்தான் அது நடந்தது என்று நிறுவும் வழி) என்ன, முக்கிய அட்டவணை எது, அந்த எண் எந்தப் பக்கத்தில் இருக்கிறது" என்று கேட்பது. பக்க எண் சொன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், பத்து விநாடி வேலை. வொர்க்கிங் பேப்பர் ஒன்றும் ஜர்னலில் வந்த வடிவம் ஒன்றும் இருந்தால் கடைசியாக வந்ததையே கொடுங்கள், எண்கள் நடுவில் மாறியிருக்கும்.

கோடு எழுத

ஸ்டேட்டா, ஆர், பைத்தான் எதுவானாலும் ஏஐ கோடு (கணினி நிரல்) எழுதுவதில் கெட்டி, கணினிப் பின்னணி இல்லாதவர்களுக்கு இது உண்மையிலேயே வரப்பிரசாதம். ஆனால் கோடு ஓடியது என்பதும் கோடு சரி என்பதும் வேறு. இந்திய மாவட்டத் தரவில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், மாவட்டங்கள் பிரிந்துகொண்டே இருக்கும், சுற்றுக்குச் சுற்று குறியீட்டு எண்ணும் மாறும். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் வந்தது, பெரம்பலூரிலிருந்து அரியலூர் 2007 நவம்பரில் வந்தது, கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் இருந்து பகுதிகளை எடுத்துத் திருப்பூர் 2009இல் வந்தது. இரண்டு சுற்றுகளை மாவட்ட எண்ணை வைத்து இணைக்கச் சொன்னால் ஏஐ அழகாக இணைத்துவிடும், பொருந்தாத வரிசைகள் சத்தமில்லாமல் விழுந்துவிடும், அல்லது அதைவிட மோசமாக வேறொரு மாவட்டத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் எத்தனை வரிசை பொருந்தியது, எத்தனை விழுந்தது, எந்த மாவட்டங்கள் விழுந்தன என்று அச்சிடும் வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய மாவட்ட எல்லைக்குப் புதியவற்றைத் திருப்பிச் சேர்க்கும் பட்டியலை நீங்களே கையால் தயாரித்துக் கொடுங்கள், அதை அதன் ஊகத்துக்கு விடாதீர்கள்.

இதே மாதிரி இன்னும் இரண்டு மூன்று இடங்கள் உண்டு. என்எஸ்எஸ் தரவில் மல்டிப்ளையரை (மாதிரியில் உள்ள ஒருவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண்) எடையாகப் போட்டிருக்கிறதா? வாரக் கூலியை வேலை செய்த நாட்களால் வகுத்துத் தினக்கூலியாக்கியிருக்கிறதா, இல்லை வாரக் கூலியையே தினக்கூலி என்று எடுத்துக்கொண்டிருக்கிறதா? 2004-05 ரூபாயையும் 2007-08 ரூபாயையும் அப்படியே ஒப்பிட்டிருக்கிறதா, விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டால் திருத்தியிருக்கிறதா? திட்டம் மாவட்ட அளவில் வந்தது, ஆகவே ஸ்டாண்டர்ட் எர்ரரையும் (மதிப்பீடு எவ்வளவு ஆடக்கூடியது என்ற அளவு) மாவட்ட அளவில் கிளஸ்டர் செய்ய, அதாவது ஒரே மாவட்டத்து ஆட்களை ஒரு குழுவாகக் கணக்கிட, வேண்டும். இதைச் செய்யாவிட்டால் இல்லாத விளைவுக்கெல்லாம் (புள்ளியியல் முக்கியத்துவத்தைக் காட்டும்) நட்சத்திரம் முளைக்கும் என்று பெர்ட்ராண்ட், டுஃப்ளோ, முல்லைநாதன் 2004லேயே காட்டிவிட்டார்கள். புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, கோடு வரிகளை மட்டும் ஒட்டி, "இந்தக் கோடு வரிக்கு வரி என்ன செய்கிறது என்று சாதாரண மொழியில் சொல்" என்று கேளுங்கள். அது சொல்வது நீங்கள் நினைத்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. எழுதிய அதே உரையாடலில் கேட்டால் தான் எழுதியதற்குத் தானே வக்காலத்து வாங்கும்.

கள ஆய்வில் எடுத்த உங்கள் சொந்தத் தரவு என்றால் பெயர், தொலைபேசி எண், ஆதார், கிராமப் பெயர் எல்லாவற்றையும் நீக்காமல் எந்தக் கருவியிலும் ஏற்றாதீர்கள். கோடு எழுத அதற்கு மாறிகளின் பெயரும் பொய்யாக நிரப்பிய பத்து வரிசையும் போதும்.

இப்போதுதான் எழுத்து

வரிசை: தரவு, முறை, முடிவுகள், அதன் பிறகு முன்னுரை, கடைசியில் சுருக்கம். முன்னுரையை முதலில் எழுதவைத்தால் நீங்கள் கண்டுபிடிக்காததையெல்லாம் அது கண்டுபிடித்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு பத்தி. பத்திக்கு வேண்டிய விஷயத்தைக் குறிப்பாகக் கொடுத்து, "இந்தக் குறிப்பில் உள்ளதை மட்டும் வைத்து ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுது, புதிதாக எந்த எண்ணும், காரணமும், மேற்கோளும் சேர்க்காதே, எங்காவது விவரம் போதவில்லை என்றால் எழுதாமல் என்னிடம் கேள்" என்று சொல்லுங்கள். தமிழில் குறிப்பு கொடுத்து ஆங்கிலத்தில் பத்தி வாங்குவது நன்றாகவே வேலை செய்கிறது, தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இதில் கூச்சப்படவே தேவையில்லை. சொல்ல வேண்டிய விஷயம் உங்களுடையதாக இருக்கும்வரை ஆங்கிலத்தைச் செப்பனிட உதவி வாங்குவது, முன்பு ஆங்கிலப் பேராசிரியரிடம் படியைக் கொடுத்துத் திருத்தி வாங்கியதைப் போலத்தான்.

முடிவுகள் பகுதிக்கு அட்டவணையையே ஒட்டுங்கள், எண்களை நீங்கள் வாயால் சொல்லாதீர்கள். வந்த பத்தியில் மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, சதவீதமும் சதவீதப் புள்ளியும்: பொது வேலையில் இருப்போர் பங்கு 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் அது 2 சதவீதப் புள்ளி உயர்வு, சதவீதமாகச் சொன்னால் 50. இரண்டு, லாக்: லாக் கூலிமீது கோஎஃபிஷியன்ட் (ரெக்ரஷன் தரும் விளைவின் எண்) 0.05 என்றால் சுமார் 5 சதவீதம் என்று சொல்லிக்கொள்ளலாம், 0.5 வந்தால் 50 என்று எழுதக்கூடாது, அது சுமார் 65. மூன்று, புள்ளியியல் ரீதியாக முக்கியத்துவம் இல்லாத எண்ணை "விளைவே இல்லை" என்று எழுதியிருக்கும். ஸ்டாண்டர்ட் எர்ரர் பெரிதாக இருந்தால் விளைவு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை என்பதுதான் பொருள், இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எண் விஷயத்தில் மனிதர்களும் ஒன்றும் ஒசத்தி இல்லை. ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010இல் அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று எழுதினார்கள், 2013இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரும் இரண்டு பேராசிரியர்களும் திருப்பிக் கணக்குப் போட்டபோது அது 2.2 சதவீதம் என்று வந்தது. காரணங்களில் ஒன்று எக்செலில் ஐந்து நாடுகளின் வரிசைகள் சூத்திரத்துக்குள் வராமல் போனது. அந்த வகைத் தப்பைப் பிடிக்க ஏஐ நன்றாகவே உதவும்: கட்டுரை முழுவதையும் அட்டவணைகளோடு கொடுத்து, உரையில் வரும் ஒவ்வொரு எண்ணும் எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்திலிருந்து வருகிறது என்று பட்டியல் கேளுங்கள். இடம் சொல்ல முடியாத எண் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்குரியது.

இன்னொரு பழக்கம் இதற்கு உண்டு, வாக்கியத்தை மெருகேற்றும்போது கூடவே உரிமைகோரலையும் ஏற்றிவிடும். "தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது" என்று நீங்கள் எழுதியது, இரண்டு முறை திருத்திய பிறகு "திட்டம் கூலியை உயர்த்தியது" என்று ஆகியிருக்கும், மூன்றாம் முறையில் "கணிசமாக" சேர்ந்திருக்கும். முன்னுரையில் "இந்தக் கேள்வியை ஆராயும் முதல் கட்டுரை இது" என்ற வரி எங்கிருந்தோ முளைத்திருக்கும். நூறு நாள் வேலையும் கூலியும் பற்றி எத்தனை கட்டுரை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பக்கத்தில் வைத்து, "அர்த்தம் மாறிய இடங்களை மட்டும் சொல்" என்று கேளுங்கள், மாறியிருந்தால் திருப்பி வையுங்கள்.

சுருக்கத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ மாதிரி ஜர்னல்களில் 100 சொல்லுக்குள் முடிக்க வேண்டும், நீங்கள் 180 சொல்லில் எழுதியதை 100க்குக் கொண்டுவருவதில் ஏஐ கெட்டிக்காரன். ஜேஇஎல் குறியீடுகளையும் (பொருளியல் கட்டுரைகளைத் தலைப்புவாரியாக வகைப்படுத்தும் எண்கள்) அது பரிந்துரைக்கும், நம் கட்டுரைக்கு ஜே31, ஐ38 என்று வந்தால் சரிதான், இருந்தாலும் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லிவிடுங்கள்

ஏஐ பயன்படுத்தியதை மறைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் கிடையாது. வேர்ல்ட் டெவலப்மென்ட், ஜர்னல் ஆஃப் டெவலப்மென்ட் எகனாமிக்ஸ் இரண்டையும் வெளியிடுகிற எல்செவியர், எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கட்டுரையின் கடைசியில் ஒரு அறிவிப்பு கேட்கிறது, எழுத்துப்பிழை, இலக்கணம் மட்டும் பார்த்ததற்கு அது தேவையில்லை. ஏஐ-யை ஆசிரியராகப் போட முடியாது, பொறுப்பு முழுக்க உங்களுடையது. உங்களிடம் யாராவது ரெஃபரி வேலை கொடுத்தால் அந்தக் கட்டுரையை ஏஐ-யில் ஏற்றக்கூடாது என்பதும் அங்கே விதி. வேறு ஜர்னல் என்றால் அதன் ஆசிரியர்களுக்கான பக்கத்தை அனுப்புவதற்கு முன் படியுங்கள், பல்கலைக்கழக விதியைக் கைடிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

யுஜிசியின் 2018 விதிகள்படி ஆய்வேட்டில் அடுத்தவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை என்றால் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும், 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு வரை சமர்ப்பிக்கத் தடை, 60க்கு மேல் பதிவே ரத்து. அந்தச் சதவீதத்தைக் குறைக்க அடுத்தவர் பத்தியை ஏஐ-யிடம் கொடுத்து வேறு வார்த்தையில் எழுதி வாங்குவது இப்போது பரவலாக நடக்கிறது. சதவீதம் குறையும், திருட்டு திருட்டாகவே இருக்கும், துறையில் இருக்கிறவர் வாதத்தின் வரிசையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

ஏஐ எழுதியதா என்று சொல்லும் மென்பொருள்கள் வேறு கதை, அவற்றை நம்ப முடியாது. ஓபன்ஏஐ தன் சொந்தக் கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த ஓர் ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபெல் கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டதை இந்தக் கருவிகள் ஏஐ எழுதியது என்று சொல்லின. நம்மைப் போன்றவர்களுக்கு இது நேரடியாக இடிக்கிற விஷயம். நாளைக்கு யாராவது அப்படி ஒரு அறிக்கையை நீட்டினால், தேதி போட்ட அந்த முதல் பக்கம், ரெஃபரி உரையாடல்கள், கோடின் பழைய வடிவங்கள், ஒவ்வொரு பகுதியின் வரைவுகள் என்று எல்லாம் ஒரு கோப்புறையில் இருந்தால் எடுத்துக் காட்டலாம். உரையாடல்களை ஏற்றுமதி செய்து வைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது, மாதத்துக்கு ஒரு தடவை செய்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒன்று. ஏஐ-யை மூடிவைத்துவிட்டு, துறையில் இருக்கிற நண்பர் ஒருவரிடம் அட்டவணைகளை மட்டும் காட்டி, கட்டுரையை வாயால் சொல்லுங்கள். எங்கே திக்குகிறீர்களோ அந்தப் பத்தியைத் திறந்து பாருங்கள், அது உங்களுக்குப் புரியாமலே சரளமாக இருக்கிற பத்தி. அதை மட்டும் அழித்துவிட்டு, ஆங்கிலம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை என்று நீங்களே எழுதுங்கள். ரெஃபரி அறிக்கைகள் திரும்பி வரும்போதும் இதே வரிசைதான்: அறிக்கையைத் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள், எது புதிய ரெக்ரஷன் கேட்கிறது, எது விளக்கம் மட்டும் கேட்கிறது என்று வகைப்படுத்தச் சொல்லுங்கள், பதிலின் முதல் வரைவை நீங்களே எழுதுங்கள்.